மஞ்சள் பூ குத்தாத விருந்தாளி

அந்தத் தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு சபைகள் இருந்தன. ஒன்றில் மணி இருந்தது, இன்னொன்றில் டிரம்ஸ் இருந்தது. மணிச்சபைக்காரர்கள் எழச் சொன்னால் எழுந்து, உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, பிரசங்கத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்து, அமைதியாகக் கர்த்தரைத் தொழுவார்கள். டிரம்ஸ் சபை நடக்கிற இடம் முன்பு கார் விற்கிற கடையாக இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே யார் கையைத் தூக்குகிறார்கள், யார் தேம்பித் தேம்பி அழுகிறார்கள், யார் ஜெபத்துக்கு நடுவே கைப்பேசியைத் தடவுகிறார்கள் என்பதெல்லாம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்குக்கூடத் தெரியும். அதனால் அதற்குக் கண்ணாடிச் சபை என்று பேர். இரண்டு சபையும் கும்பிடுவது ஒரே ஆண்டவரைத்தான். ஆனால் அவர் குடியிருப்பது தங்கள் பக்கம், எதிர்ப்பக்கம் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார் என்று இரண்டு பக்கமும் ஒரு நினைப்பு.

நம்முடைய தையல்காரி மணிச்சபை. வாங்கின சட்டை பெரிதாக இருந்தால் பிடித்துக் கொடுப்பது, சிறிதாக இருந்தால் "நீங்கதான் கொஞ்சம் இளைக்கணும்" என்று சொல்லி அனுப்புவது, ஜிப் மாற்றுவது, இதுதான் பிழைப்பு. வீட்டு முன்னறையே கடை. வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும். அதோடேயே பேசுவாள். பழகினவர்களுக்கு மட்டும் புரியும்.

சபைக்கு அப்போதுதான் புதுப் போதகர் வந்திருந்தார். இளம் வயது. முன்பிருந்த பெரிய போதகர் ஓய்வு பெற்றுப் போனதும் வந்தவர் என்பதால் சின்னப் போதகர் என்று பேர் விழுந்துவிட்டது. நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைதான், சும்மா இருக்கத்தான் தெரியாது. வந்ததும் சுவரில் திரை மாட்டினார். பிறகு காபி மிஷின் வாங்கினார். பிறகு வாராவாரம், "சபை உறங்கிக்கிட்டிருக்கு, எழுப்புதல் வேணும்" என்று முழங்கினார். பின் வரிசையில் நிஜமாகவே உறங்கிக்கொண்டிருந்தவர்கள் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் திடுக்கிட்டு விழித்து, தங்களைத்தான் சொல்கிறாரோ என்று பார்ப்பார்கள்.

ஒரு ஞாயிறு திரையில் ஒரு ஆட்டின் படம் வந்தது. சிரிக்கிற ஆடு. அதைப் பார்த்ததும் சபையில் பாதிப் பேர் தையல்காரியின் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் பாடற்குழுத் தலைவி. முகச்சாயல் அப்படியே இருந்தது. என்ன செய்வது.

"அடுத்த மாசம் கடைசி ஞாயிறு, நண்பர் ஞாயிறு!" என்றார் சின்னப் போதகர். "ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு ஆத்துமாவைக் கூட்டிக்கிட்டு வரணும். ஒண்ணு போதும். ஆனா நம்ம உறுப்பினருங்க கணக்கிலே வரமாட்டாங்க. உள்ளே இருக்கிற ஆடு வேணாம், வெளியே இருக்கிற ஆடு வேணும்! அன்னைக்கு பெஞ்செல்லாம் விருந்தாளிகளுக்கு. நாம நிப்போம். இடம் இல்லேன்னா வராந்தாவிலே நிப்போம். ஆமென்?"

"ஆமென்" என்றார்கள் எல்லாரும். வாக்கியம் முடிந்து போதகர் மூச்சு வாங்கினால் அந்தச் சபையில் வாய் தானாக ஆமென் சொல்லிவிடும். பல வருஷப் பழக்கம். வராந்தாவில் நிற்பதற்கா ஆமென் சொன்னோம் என்று யோசித்தது வெளியே வந்தபிறகுதான்.

விருந்தாளிகளுக்குச் சட்டையில் குத்த மஞ்சள் துணிப்பூ தைக்கிற வேலை தையல்காரியின் தலையில் விழுந்தது. அதோடு வரவேற்பு மேசையும். தலைநிமிர்ந்துதான் வீட்டுக்குப் போனாள். போகிற வழியில்தான், நாம் யாரைக் கூட்டிக்கொண்டு வருவது என்ற கேள்வி வந்து காலில் இடறியது.

வீட்டில் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கையில். ஞாயிற்றுக்கிழமை மனைவி சபைக்குப் போனால் அவர் ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த ரேடியோ கெட்டுப்போனதே கிடையாது. அவர் பிரிப்பார், மாட்டுவார், அவ்வளவுதான்.

முன்பு அவரும் சபைக்குப் போனவர்தான். நல்ல குரல் வேறு. நின்றுபோனதற்குக் காரணம் உண்டு.

அவர் அம்மா இறந்த வாரம் சபையில் இன்னொரு மூதாட்டியும் இறந்திருந்தார். பெரிய போதகருக்கு அப்போதே மறதி ஆரம்பித்திருந்தது போல. லிஃப்ட்காரரின் அம்மாவைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, "இந்தத் தாயார் குரல் உயர்த்திப் பேசி அறியாதவர், பூச்செடிகளோடு பேசியபடியே வாழ்ந்தவர், இப்போது பரலோகத்தின் பூந்தோட்டத்தில் உலவுகிறார்" என்று உருகி உருகிச் சொன்னார். அந்த அம்மாவா? அந்த அம்மா வாயைத் திறந்தால் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவன் பயந்து வராத பஸ்ஸில் ஏறப் பார்ப்பான். பூ என்றால் ஆகவே ஆகாது, தும்மித் தும்மியே மூக்கு சிவந்துவிடும். இறந்தது அவர் அம்மா, புகழ்ந்தது வேறு யாரையோ. பாவம் அந்த இன்னொரு மூதாட்டிக்கும் மறுநாள் அதே புகழுரைதான் வாசித்தார். அவருக்காவது அது பொருந்தியது.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சபை ஆமென் சொன்னது. லிஃப்ட்காரர் முன் பெஞ்சில் இருந்து திரும்பிப் பார்த்தார். அவருடைய அக்கா, பெற்ற மகள், ஆமென் சொன்னாள். பக்கத்தில் மனைவியைப் பார்த்தார். அவளும் ஆமென்.

அன்றைக்குப் போனவர்தான். முதலில் அவள் கெஞ்சினாள், பிறகு சண்டை போட்டாள், பிறகு ஜெபம் செய்தாள், பிறகு விட்டுவிட்டாள். ஞாயிறு காலை தனியாகப் புறப்படும்போது தெருமுனை வரைக்கும் நெஞ்சில் ஒரு பாரம் இருக்கும். தெரு திரும்பினால் மணிச்சத்தத்தில் அது கரைந்துபோகும். திரும்பி வரும்போது வாசலில் அப்படியே காத்திருக்கும்.

ஆத்துமாவைத் தேட ஆரம்பித்தாள். இங்கேதான் ஒரு விஷயம் புரிந்தது. அவளுக்கு வெளியாட்கள் ஒருவரையுமே தெரியாது! பால் வாங்குகிற இடம், பல் பிடுங்குகிற இடம், அரட்டை அடிக்கிற இடம் எல்லாமே ஏதோ ஒரு சபை ஆளாகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தாள். இத்தனை வருஷம் விசுவாசிகளோடு மட்டுமே பழகிய புண்ணியத்தில், கூட்டிக்கொண்டு போக ஒரு பாவி அகப்படவில்லை.

ஜிப் மாற்ற வந்த வங்கிக் காவலாளியை மடக்கினாள். பேன்ட் அவள் கையில் இருந்தது, அவர் மறைப்புக்குப் பின்னால் துண்டோடு நின்றார்.

"தம்பி, கடைசி ஞாயிறு என்ன பண்றீங்க?"

"தூங்குவேன்கா."

"எங்க சபைக்கு வாங்களேன். அங்கேயும் தூங்கலாம்."

"ஜிப் ஆச்சாக்கா?"

"வர்றேன்னு சொன்னா ஆயிடும்."

"வர்றேன்கா" என்று சொல்லிப் பேன்ட்டை வாங்கிக்கொண்டு போனவர்தான். அதன்பிறகு அந்தத் தெரு வழியாக அவர் வருவதே இல்லை. வங்கிக்குச் சுற்றிக்கொண்டு போவதாகக் கேள்வி.

வாரங்கள் ஓடின. நாத்தனார் பாடற்குழுப் பயிற்சி முடிந்ததும் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள். "என்னம்மா, உனக்கு ஆள் கிடைச்சாச்சா? எனக்குக் கர்த்தர் ரெண்டு பேரைக் காமிச்சிருக்கார்."

"உங்களுக்கென்ன அண்ணி, திரையிலேயே உங்க படம் போட்டுத் தேடறாங்க. எனக்கு அந்த வசதி இல்லையே" என்றாள் தையல்காரி. குண்டூசியோடு சொன்னதால் நாத்தனாருக்குப் பாதிதான் புரிந்தது. நல்லதாகப் போயிற்று.

கடைசியில் வழி காட்டியது மருந்துக்கடைக்காரி. தையல்காரியின் ரொம்ப நாள் சிநேகிதி. கண்ணாடிச் சபையில் முன்வரிசை. இருமல் மருந்து வாங்கப் போனவளிடம் அவளே ஆரம்பித்தாள்.

"என்னக்கா முகம் இப்படி இருக்கு? மருந்து உனக்கா?"

"எனக்கு மருந்தில்லைடி. ஒரு ஆத்துமா வேணும்."

மருந்துக்கடைக்காரி அங்கே இங்கே பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். கள்ள மருந்து விற்கிறவள் மாதிரி இருந்தது. "உங்களுக்குமா? எங்க பாஸ்டரும் சொல்லிட்டார்க்கா. அதே ஞாயிறு. ஆளுக்கு ஒருத்தர். நான் யாரைக் கூட்டிக்கிட்டு வருவேன்? கடைக்கு வர்றவங்க எல்லாம் நோயாளிங்க. கும்பிடக் கூப்பிட்டா, 'எனக்கு அவ்வளவு மோசமா இருக்கா'ன்னு கேட்டு அழறாங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"உங்க ஆராதனை எத்தனை மணிக்கு?"

"பத்தரை. உங்களுக்கு எட்டுதானே?"

அப்புறம் சொல்லவேண்டியது எதுவுமில்லை. எட்டு மணிக்கு மருந்துக்கடைக்காரி மணிச்சபையில் விருந்தாளி, பத்தரைக்குத் தையல்காரி கண்ணாடிச் சபையில் விருந்தாளி. இரண்டு பேரும் பாவிகள்தான், அதில் பொய்யில்லை. ஒரு சபைக்கு எதிர்ச்சபை ஆள் வெளியாள்தான், அதிலும் பொய்யில்லை. இருமல் மருந்தை மறந்துவிட்டுத் தையல்காரி வீட்டுக்கு வந்தாள்.

சாயங்காலம் மேசை முழுக்க மஞ்சள் துணி. லிஃப்ட்காரர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஒரு பூவை எடுத்துத் தன் சட்டையில் வைத்துப் பார்த்தார்.

"கறை படும், வைங்க."

"எனக்கு நல்லாத்தானே இருக்கு?" என்றார். பூவை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "ஆமா, நீ ஆள் பிடிக்கணும்னு சொன்னியே, கிடைச்சாச்சா?"

"கிடைச்சாச்சு, கிடைச்சாச்சு."

"எங்கே பிடிச்சே?"

"மருந்துக்கடையிலே."

அவர் சிரித்தார். கொஞ்ச நேரம் ஊசிப்பெட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடினார். "தெருவெல்லாம் தேடியிருக்கே. வீட்டிலே தேடினியா?"

தையல்காரி பல்லால் நூலைக் கடித்தாள். "நீங்க கணக்கிலே வரமாட்டீங்க. உங்க பேர்தான் ஏற்கெனவே உள்ளே இருக்கே. புது ஆள்தான் வேணுமாம்."

"ஓ" என்றார் அவர். "நான் உள்ளேதான் இருக்கேனா. தெரியாமப் போச்சு."

எழுந்து போய் ரேடியோவைப் பிரிக்க ஆரம்பித்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை. இதழ் ஒன்று கோணலாக வந்துவிட்டது, அதைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் அங்கே இருந்திருந்தால் அவளைக் கிள்ளியிருப்பீர்கள். நானும்தான்.

நண்பர் ஞாயிறும் வந்தது. ஏழரை மணிக்கே வரவேற்பு மேசையில் தையல்காரி தயார். ஒரு பெட்டி நிறைய மஞ்சள் பூ, ஒரு டப்பா குண்டூசி. சின்னப் போதகர் வாசலுக்கும் பீடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். யாரும் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று ராத்திரியெல்லாம் புரண்டிருப்பார் போல, கண் அப்படி இருந்தது.

முதலில் மருந்துக்கடைக்காரி வந்தாள். பின்னாலேயே நாத்தனாரின் இரண்டு விருந்தாளிகள். தையல்காரிக்கு அந்த முகங்கள் தெரியும், கண்ணாடி வழியாகப் பார்த்த முகங்கள். அவர்களுக்குப் பின்னால் கண்ணாடிச் சபையின் கிட்டார்க்காரன். அவனுக்குப் பின்னால் டிரம்ஸ்காரன். பிறகு குடும்பம் குடும்பமாக. தெருவைக் கடந்து வந்துகொண்டே இருந்தார்கள். தானும் மருந்துக்கடைக்காரியும் மட்டும் யோசித்த யோசனை என்று தையல்காரி நினைத்திருந்தாளே, அதை இரண்டு சபையிலும் அத்தனை பேரும் தனித்தனியாக, ரகசியமாக யோசித்திருந்தார்கள். யாருக்கும் வெளியாட்களைத் தெரியவில்லை!

"ஸ்தோத்திரம், வாங்க வாங்க" என்று சொல்லிச் சொல்லி அவள் வாய் ஓய்ந்தது. தலை நிமிர நேரமில்லை. கை பூவை எடுக்கும், எதிரில் நிற்கிற சட்டையில் குத்தும், வாய் வரவேற்கும், அடுத்த சட்டை வரும். சின்னப் போதகர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கையாகப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது. "பாருங்கம்மா, பாருங்க! இவங்கெல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தாங்க?"

"பக்கத்திலேதான் இருந்தாங்க ஐயா" என்றாள் தையல்காரி.

பெட்டியில் கடைசிப் பூ. எடுத்தாள். எதிரில் ஒரு நீலச் சட்டை வந்து நின்றது. தேய்த்த சட்டை. அதில் மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். அந்தப் பொத்தான் தைத்தது அவள்தான், சரியானது கிடைக்காமல் அவசரத்துக்குத் தைத்தது.

நிமிர்ந்தாள். லிஃப்ட்காரர்.

தலையை நனைத்துப் படிய வாரியிருந்தார். நகத்து எண்ணெய்க் கறையைக்கூடச் சுரண்டி எடுத்திருந்தார். கொஞ்சம் சிரித்தபடி, கொஞ்சம் வெட்கத்தோடு, நெஞ்சை லேசாக முன்னால் கொடுத்து நின்றார், பூ குத்துவதற்கு.

"வாங்க ஐயா, வாங்க!" சின்னப் போதகர் பாய்ந்து வந்தார். அவர் இந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. வெளியே இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போகவே அவருக்கு நேரம் பற்றவில்லை, பேர் உள்ளே இருக்கிறவர் வீட்டுக்கு எங்கே போவது. "நீங்க எங்க விருந்தாளிதானே?"

அவர் மனைவியைப் பார்த்தார்.

தையல்காரியின் வாய் தானாகத் திறந்தது. "இல்லைங்க ஐயா. இவர் நம்ம உறுப்பினர்தான்."

சொல்லி முடித்தபிறகுதான் காதில் விழுந்தது.

"அப்படியா! ஸ்தோத்திரம் அண்ணா!" சின்னப் போதகர் அன்பாகவே சொன்னார். "அப்போ அந்தக் கடைசிப் பூவைப் பின்னால நிக்கிற அம்மாவுக்குக் குத்திடலாம். நீங்க கோவிச்சுக்காம வராந்தாவிலே நின்னுக்கறீங்களா? இன்னைக்கு இடமெல்லாம் வெளியே இருந்து வர்றவங்களுக்கு."

"சரிங்க" என்றார் லிஃப்ட்காரர். "லிஃப்ட்லேயும் அதான் சட்டம். ஆள் கூடிப்போனா கடைசியா ஏறினவன் இறங்கிக்கணும்." பின்னால் நின்ற அம்மாவுக்கு வழி விட்டு, படியிறங்கிப் போனார்.

அந்த அம்மாவுக்குப் பூவைக் குத்தும்போது தையல்காரி தன் விரலில் குத்திக்கொண்டாள்.

ஆராதனை ஆரம்பித்தது. இப்படி ஒரு கூட்டத்தை அந்தச் சுவர்கள் பார்த்ததில்லை. முதல் பாட்டுக்கு விருந்தாளிகள் திரையைப் பார்க்காமலேயே பாடினார்கள். இரண்டாம் பாட்டுக்குக் கையைத் தூக்கினார்கள், எல்லாரும் ஒரே சமயத்தில், ஒரே உயரத்துக்கு. சின்னப் போதகர் மைக்கில் தழுதழுத்தார். "இன்னைக்குத்தான் முதல் தடவையா வர்றீங்க. அதுக்குள்ளே பாட்டு மனப்பாடம்! இது எழுப்புதல் இல்லாம வேற என்ன?"

"அல்லேலூயா!" என்று கூரை அதிரக் கத்தினார்கள் முதல் தடவையாக வந்தவர்கள்.

சுவரோரமாக நின்ற தையல்காரி வராந்தாவைப் பார்த்தாள். அங்கே மணிச்சபைக்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். நீலச் சட்டை இல்லை. போய்ப் பார்க்கலாமா என்று கால் எடுத்தாள். அதற்குள், "நம்ம வரவேற்புக் குழுவிலே இருந்தே ஆரம்பிப்போம்" என்று சின்னப் போதகர் அவளைக் கைகாட்டிவிட்டார். "அம்மா, வாங்க. உங்க விருந்தாளியைக் கூட்டிக்கிட்டு முன்னாடி வாங்க. இந்த ஆத்துமாவை எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லுங்க."

மருந்துக்கடைக்காரி எழுந்தாள். இருவரும் போய்ப் பீடத்துக்கு முன்னால் நின்றார்கள். மைக் கைக்கு வந்தது. திரையில் ஆடு சிரித்தது. அதற்கு நேர் கீழே நாத்தனார் அதேபோலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான்..." என்றாள் தையல்காரி. வாயில் குண்டூசி இல்லை. இருந்தால் தேவலை போலிருந்தது. "நான் ஊரெல்லாம் தேடினேன். ஜிப் மாத்த வந்தவரை விடலை. மருந்துக்கடை வரைக்கும் போய்த் தேடினேன்."

"ஆமென்!"

"வீட்டிலே ஒருத்தர் என்னையும் கூப்பிடுன்னு வாய் திறந்து கேட்டார். நீங்க கணக்கிலே வரமாட்டீங்கன்னு சொல்லிட்டேன்."

"ஆமென்! ஸ்தோத்திரம்!"

"ஆமென் சொல்லாதீங்க, சொல்றதைக் கேளுங்க! கூப்பிடாமலேயே வந்தார். வாசல்ல நின்னார். நானே வெளியே அனுப்பிட்டேன்."

"அல்லேலூயா!" கிட்டார்க்காரன் எழுந்தே நின்றுவிட்டான்.

தையல்காரி மைக்கை மருந்துக்கடைக்காரியின் கையில் திணித்தாள். "நீ பாத்துக்கோடி" என்று சொல்லிவிட்டு நடுப்பாதையில் விடுவிடுவென்று நடந்தாள். விருந்தாளிகள் இரண்டு பக்கமும் எழுந்து கைதட்டினார்கள். இவ்வளவு உணர்ச்சியான சாட்சியை அவர்கள் சபையிலேயே கேட்டதில்லையாம், பிறகு சொல்லிக்கொண்டார்கள்.

வீட்டுக்குத்தான் போயிருப்பார் என்று நினைத்துத் தெருவில் இறங்கினாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்றுவிட்டாள்.

எதிரே கண்ணாடி. அதற்குள்ளே, வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகளுக்கு நடுவில், நீலச் சட்டை போட்ட ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கார் கடையில் விற்காமல் நின்றுபோன ஒரு கார் மாதிரி.

கதவு பூட்டியிருக்கவில்லை. பூட்டவேண்டியவர்களும் விருந்தாளியாகப் போயிருந்தார்கள். உள்ளே போய், அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள்.

"இங்கே நிறைய இடம் இருக்கு" என்றார் அவர். "யாரும் நீ உறுப்பினரான்னு கேக்கலை."

"வீட்டுக்குப் போயிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"பாதி தூரம் போனேன். நல்லாத் தேய்ச்ச சட்டை, வீணாப் போகுதேன்னு திரும்பி வந்தேன்."

எதிர்ப்பக்கம் இருந்து பாட்டுச் சத்தம் கசிந்தது. அவர் முழங்கைகளை மடியில் ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். "போதகரைச் சொல்லி என்ன. அன்னைக்கும் எனக்கு அந்தப் பெரியவர் மேலே கோபம் இல்லை. வயசாச்சு, மாறிப்போச்சு. இத்தனை வருஷம் அம்மாகூட ஒரே வீட்டிலே இருந்து, தினம் சண்டை போட்டவ நீ. உனக்குத் தெரியாதா அது அம்மா இல்லைன்னு? நீ ஆமென்னு சொன்னே."

தையல்காரி எதிரில் கிடந்த டிரம்ஸைப் பார்த்தாள். கூட்டம் இல்லை, மைக் இல்லை, ஆமென் சொல்லவும் ஆள் இல்லாத ஒரு இடம்.

"உங்க அம்மா ஒரு வாய்க்காரி" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"நான் கல்யாணமாகி வந்த முதல் நாளே, இவ தைக்கிற தையலும் கோணல், நடக்கிற நடையும் கோணல்னு தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னவங்க. நல்லாத் தைக்க ஆரம்பிச்ச பிறகு, நான்தான் கத்துக்கொடுத்தேன்னு அதே தெருவுக்குச் சொன்னாங்க. ஊசியிலே நூல் கோக்கத் தெரியாது அவங்களுக்கு. காய்கறிக்காரன் வண்டியைப் பாதி வழியிலே நிறுத்தித் தக்காளியை ஒண்ணு ஒண்ணா அமுக்குவாங்க. ஜெபம் பண்ணினாக்கூட ஆண்டவரை அதட்டித்தான் பண்ணுவாங்க. 'காதிலே விழுதா இல்லையா'ன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க" என்றார் லிஃப்ட்காரர். வாயோரம் துடித்தது.

"நமக்குக் குழந்தை நிக்காமப் போனப்போ ஒருத்தி வந்து என் காதுபட என்னவோ சொன்னா. உங்க அம்மா துடைப்பத்தை எடுத்துக்கிட்டு அவ வீட்டு வாசல் வரைக்கும் போனாங்க. திரும்பி வந்து என்கிட்டே ஒரு வார்த்தை ஆறுதலாச் சொல்லலை. சாப்பிடுன்னு திட்டினாங்க. நான் சாப்பிடற வரைக்கும் நின்னு திட்டினாங்க." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பூந்தோட்டத்திலே உலவறாங்களாம். தும்மித் தும்மிச் செத்தே போயிருப்பாங்க, மறுபடியும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் சிரிப்பாகத்தான் வந்தது, நடுவில் என்னவோ ஆகி, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். அந்தச் சபையில் இது வழக்கமாக நடப்பதுதான் என்று நினைத்திருப்பார்கள்.

நடுவில் இருந்த நாற்காலிக்கு அவள் நகர்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, கையை எடுக்காமலேயே அவர் சொன்னார். "ஆமென்."

"அடுத்த வாரம்..." என்று ஆரம்பித்து அவள் நிறுத்தினாள். "இல்லை. எந்த வாரமும் வேணாம். நான் உங்களைக் கூப்பிடவே இல்லை, அதைச் சொல்றேன். இப்போ கூப்பிடறேன். வர்றீங்களா?"

"எங்கே?"

எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. "எங்கேயோ. என்கூட."

அவர் பதில் சொல்வதற்குள் தெருவில் பெரிய சத்தம். மணிச்சபையின் கதவுகள் திறந்து, உள்ளே இருந்தவர்களும் வராந்தாவில் நின்றவர்களும் மொத்தமாகத் தெருவைக் கடந்து இங்கே வந்துகொண்டிருந்தார்கள். கண்ணாடிச் சபைக்காரர்கள் முன்னால் ஓடிவந்து சட்டையில் இருந்த மஞ்சள் பூவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, விருந்தாளிகளுக்குக் கட்ட நீல ரிப்பனை எடுத்தார்கள். நேற்று வரை உறங்கிக்கொண்டிருந்த சபை நீல ரிப்பனுக்கு மணிக்கட்டை நீட்டியபடி உள்ளே நுழைந்தது. கூட்டத்தில் சின்னப் போதகரும் இருந்தார். அவர் மணிக்கட்டிலும் நீல ரிப்பன். அவரோடு தோளில் கை போட்டுக்கொண்டு கண்ணாடிச் சபைப் போதகர், சட்டையில் மஞ்சள் பூவோடு. மேய்ப்பர்களும் ஆளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். தையல்காரியின் பார்வை பட்டதும் சின்னப் போதகரின் காது சிவந்துவிட்டது.

நாத்தனார் நேராக வந்து தம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள், தையல்காரியின் மூக்கைப் பார்த்தாள். எதைப் பற்றிப் பேசியிருப்பார்கள் என்று அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. டிரம்ஸ்காரன் குச்சியை எடுத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

"அம்மாவுக்கு இது பிடிச்சிருக்கும்டா" என்றாள்.

"இன்னும் பலமா அடிக்கச் சொல்லியிருப்பாங்கக்கா" என்றார் லிஃப்ட்காரர்.

கண்ணாடிச் சபைப் போதகர் நீல ரிப்பன் கட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் இருந்த வரிசைக்கு வந்தார். எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிற இந்தப் புது முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "ஸ்தோத்திரம் ஐயா! நீங்கதான் இன்னைக்கு முதல் விருந்தாளி! உங்களை இங்கே யார் கூட்டிக்கிட்டு வந்தாங்க?"

தையல்காரியின் வாய் திறந்தது. இந்தத் தடவை அவள் அதை மூடிக்கொண்டாள்.

"இவதான்" என்றார் லிஃப்ட்காரர், ரிப்பனுக்குக் கையை நீட்டி. "இப்பத்தான் கூப்பிட்டா."